வலிக்காத புண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

வாசகர் கடிதம்

ஏற்காடு மலையில், காபித் தோட்டத்தை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து 31 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் சேலத்தில் வண்டி ஓட்டுகிறார்; வாரத்துக்கு ஒருமுறைதான் மலையேறி வருவார். வீட்டில் மாமனார், மாமியார், மூன்றரை வயது மகள். 6 நாளைக்கு முன், காலையில் திண்ணையில் இறக்கி வைத்திருந்த சுக்குக் காபிப் பாத்திரத்தைக் குழந்தை இழுத்துவிட்டாள். மார்பிலும் இடது கையின் மேல்பகுதியிலும் கொட்டிவிட்டது. பதற்றத்தில் முதலில் பற்பசை தடவியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் அதன்மேல் இட்லி மாவு. மதியம் கொப்புளம் எழும்பிய பிறகே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே கழுவி, வெள்ளைக் களிம்பு போட்டு, சீட்டில் 'செகண்ட் டிகிரி' என்று எழுதி, சேலத்தில் காட்டச் சொன்னார்கள். போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மாமியாருக்குப் பயம். "நான்தான் கவனிக்காமல் விட்டேன்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார் இந்தத் தாய். ராத்திரியெல்லாம் பிள்ளை வலியில் அழுகிறாள். டிகிரி ஏறி மூன்றாகிவிடுமா, பெண் பிள்ளைக்குத் தழும்பு நின்றுவிடுமா, முட்டையும் மீனும் கொடுத்தால் சீழ் பிடிக்குமா என்று கேட்கிறார். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் கொழுந்தனாருக்கு அடிக்கடி கையில் ஆசிட் தெறிப்பதாகவும், சமையல் சோடா வைத்துத் தேய்ப்பதாகவும் இடையில் ஒரு வரி.

கடைசியில் இன்னும் ஒன்று: "மாமாவுக்கும் கணப்பில் குளிர் காய்ந்தபோது பாதத்தில் சுட்டுவிட்டது. 10 நாள் ஆகிறது. 12 வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. ஆனால் வலியே இல்லை என்கிறார், வெள்ளையாக ஒரு தடம் மட்டும்தான். அதனால் அதைப் பற்றிக் கவலை இல்லை."

ஆலோசனை

சகோதரி, உங்கள் கடிதம் இன்று மாலை என் கைக்கு வந்தது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் ஆசிரியர் குழுவிடம் எண் வாங்கி உங்களைக் கூப்பிட்டேன். "நாளைக் காலை மாமாவைக் கீழே கூட்டி வாருங்கள், பாப்பாவையும் அதே வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன்; இரண்டு புண்களைப் பற்றியும் சில கேள்விகள் கேட்டேன். ஏன் மாமாவை முதலில் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்டது காதில் இருக்கிறது. அப்போது பாப்பா அழுதுகொண்டிருந்ததால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

சேலத்தில் 20 வருஷத்துக்கு மேலாகத் தீக்காயம் பார்க்கும் அறுவை மருத்துவன் நான். அழுதுகொண்டு வரும் புண்ணைவிட அமைதியாக வரும் புண்தான் என்னை அதிகம் பயமுறுத்தும். வலியை அளவுகோலாக வைத்து நாம் புண்ணை எடை போடுகிறோம். மற்ற பல நோய்களில் அது ஓரளவு சரி. தீக்காயத்தில் அது தலைகீழ்.

உங்களுக்குத் தெரிந்த தோட்டத்தை வைத்தே சொல்கிறேன். காபிச் செடியைக் கவாத்து செய்தால் மேலே ஒன்றும் இல்லாததுபோல் தெரியும். ஆனால் அடித்தண்டும் வேரும் உயிரோடு இருப்பதால் கொஞ்ச நாளில் துளிர்த்துவிடும். வேரோடு வெந்துபோன செடி துளிர்க்காது. புது நாற்றைக் கொண்டுவந்து நட வேண்டும். தோலும் அப்படித்தான். மேல்தோல் போனாலும், அடியில் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் பிழைத்திருந்தால் அவற்றிலிருந்து தோல் துளிர்த்துப் பரவும். வலியை உணரும் நரம்பு நுனிகளும் அந்த ஆழத்தில்தான் இருக்கின்றன. அவை உயிரோடு இருப்பதால்தான் பாப்பா அழுகிறாள். முழு ஆழமும் வெந்த இடத்தில் நரம்பு நுனியும் சேர்ந்து செத்துப்போகும். அங்கே வலிக்க ஒன்றுமே மிச்சமில்லை.

டிகிரி வேறு, சதவீதம் வேறு

சீட்டில் எழுதிய 'டிகிரி' காய்ச்சல் டிகிரி மாதிரி சூட்டின் அளவு அல்ல. எவ்வளவு ஆழம் என்பதற்கான பெயர். முதல் டிகிரி என்றால் தோல் சிவந்து எரியும், கொப்புளம் வராது, ஒரு வாரத்துக்குள் சரியாகும். வெயிலில் நெடுநேரம் நின்று தோல் கன்றிப்போவது இந்த வகை. இரண்டாம் டிகிரியில் கொப்புளம் வரும். ஆனால் இந்த ஒரு பெயருக்குள் இரண்டு வேறு புண்கள் இருக்கின்றன, குழப்பம் வருவதே இங்கேதான். மேலோட்டமானது இளஞ்சிவப்பாக, ஈரமாக, தொட்டால் துடிக்கும்படி இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறும். ஆழமானது வெளுப்பும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாக, வலி குறைந்து, ஈரம் குறைந்து இருக்கும். மூன்று வாரம் தாண்டியும் ஆறாமல் தடித்த தழும்பை விட்டுப் போகும். மூன்றாம் டிகிரி என்றால் முழுத்தோலும் வெந்தது. வெள்ளையாகவோ பழுப்பாகவோ கருகியோ, பதப்படுத்திய தோல்போல் விறைத்திருக்கும், குத்தினாலும் உணர்ச்சி இராது. அதற்கும் கீழே தசை, எலும்பு வரை போவதும் உண்டு.

சதவீதம் என்பது உடம்பின் பரப்பில் எவ்வளவு வெந்தது என்ற கணக்கு. செய்தியில் '40 சதவீதத் தீக்காயம்' என்று படித்துவிட்டுப் பிழைக்கும் வாய்ப்பு 60 சதவீதம் என்று எண்ணிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது அப்படியல்ல. யாருக்குப் புண்ணோ அவருடைய உள்ளங்கை, விரல்களும் சேர்ந்து, உடம்பில் ஏறத்தாழ 1 சதவீதம். பாப்பாவின் கையால் அளந்தால் எத்தனை வரும் என்று போனில் கேட்டேன், ஐந்து என்றீர்கள். குழந்தைகளுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் உடம்பிலிருந்து நீர் வடிந்து ரத்த ஓட்டமே தளர்ந்துவிடும், உடனே ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். உங்கள் பிள்ளை அந்தக் கட்டத்தில் இல்லை.

ஆழத்தையும் பரப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும். மாமாவின் புண் பரப்பில் அரை சதவீதம்கூட இல்லை. ஆழத்தில், நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், மூன்றாம் டிகிரி.

மாமாவின் பாதம்

கணப்பு அவ்வளவு சூடாக இல்லையே, அவர் தீயில் கால் வைக்கவில்லையே என்றீர்கள். சூடு மட்டும் கணக்கில்லை, எவ்வளவு நேரம் என்பதும் உண்டு. 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீர் பெரியவர்களின் தோலை ஆழமாக வேக வைக்கச் சுமார் 5 விநாடி போதும். 44 டிகிரிதான் என்றாலும், அதாவது கை வைத்தால் 'நல்ல கதகதப்பு' என்று நாம் சொல்லும் சூட்டில், ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோல் செத்துவிடும். நமக்கு அப்படி நேராததற்குக் காரணம், பாதம் உறுத்தியதும் தூக்கத்திலும் காலை இழுத்துக்கொள்கிறோம். பல வருஷச் சர்க்கரை பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்துவிடுகிறது. மாமாவுக்கு இழுத்துக்கொள்ளச் சொல்ல உள்ளே ஆளில்லை. அதனால் அவர் 'வலிக்கவில்லை' என்பது இரண்டு காரணங்களால் ஆறுதல் தராத சொல்: புண்ணிலும் நரம்பு செத்திருக்கிறது, பாதத்திலும் நரம்பு மரத்திருக்கிறது.

இந்தப் புண் தானாக ஆறாது. செத்த தோல் மேலே மூடிபோல் இருக்க, அடியில் கிருமி சத்தமில்லாமல் எலும்பு வரைக்கும் இறங்கும். சர்க்கரை உள்ளவர்கள் விரலையோ காலையோ இழப்பது பல நேரம் இப்படி ஒரு சின்னத் தடத்தில்தான் தொடங்குகிறது. உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. 10 நாளில் வந்தால் செய்ய நிறைய இருக்கிறது: செத்த தோலை அகற்றுவது, பாதத்தில் நாடி ஓடுகிறதா என்று பார்ப்பது, எலும்புக்கு ஒரு எக்ஸ்ரே, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, ரண ஜன்னித் தடுப்பு ஊசி. தேவைப்பட்டால் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவோம். நாளை வரும்வரை அந்தக் காலை ஊன்றி அவர் நடக்க வேண்டாம். வலிக்காததால் அவர் நடப்பார்; நீங்கள்தான் பிடித்து உட்கார வைக்க வேண்டும். வெள்ளைத் தடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், நாற்றம் வந்தால், குளிர்காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனிக் கணப்பை அவர் காலுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். சுடுநீர்ப் பை, செங்கல் ஒத்தடம், உப்பு ஒத்தடம் எதுவும் அந்தப் பாதங்களுக்கு ஆகாது. கம்பளிக் காலுறை போதும். இன்னொன்று: கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரிக் கணப்பு வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

பாப்பாவின் புண்

போனில் நான் கேட்டதற்கு, 'ரோஸ் நிறம், ஈரமாக இருக்கிறது, கிட்டே போனாலே கத்துகிறாள்' என்றீர்கள். சுத்தமான விரலால் ஓரத்தை லேசாக அழுத்தி எடுக்கச் சொன்னேன். வெளுத்து, உடனே சிவப்பு திரும்பியது என்றீர்கள். அடியில் ரத்தம் ஓடுகிறது. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது என்றாலும், இவை எல்லாம் மேலோட்டமான இரண்டாம் டிகிரிக்கு உரிய அடையாளங்கள்.

டிகிரி ஏறுமா என்ற கேள்வி நியாயமானது. முதல் இரண்டு மூன்று நாளில் ஏறலாம், ஏனென்றால் வெந்த இடத்தைச் சுற்றிப் பிழைப்பதா சாவதா என்று ஊசலாடும் தோல் கொஞ்சம் இருக்கும். அதனால்தான் முதல் நாள் சீட்டில் எழுதியதே கடைசித் தீர்ப்பு ஆகாது. ஆறாம் நாளிலும் சிவந்து ஈரமாக இருக்கிறது என்றால் அந்தக் கண்டத்தைப் பெரும்பாலும் தாண்டிவிட்டாள். இனி ஆழமாக்கக்கூடியது கிருமி ஒன்றுதான். காய்ச்சல், வாந்தி, உடம்பில் புதிதாகச் சிவந்த தடிப்பு, பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. குழந்தைகளுக்குச் சின்னத் தீக்காயத்தில்கூடக் கிருமி நஞ்சு ரத்தத்தில் ஏறி நிலைமை சட்டென்று மோசமாகலாம்.

வெள்ளைக் களிம்பு தவறில்லை. ஆனால் பழைய களிம்பின்மேல் புதுக் களிம்பு பூசிக்கொண்டே போனால் மஞ்சளாக ஒரு ஏடு படிந்து, புண்ணா சீழா என்று எங்களுக்கே தெரியாமல் போகும். தினமும் கொதித்து ஆறிய நீரில் மெதுவாகக் கழுவி, பழையதை நீக்கிவிட்டுப் பூச வேண்டும். தண்ணீர் படக் கூடாது என்பது தவறான நம்பிக்கை. கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், நனைத்து எடுங்கள். கட்டு மாற்ற அரை மணி நேரம் முன்னால் எடைக்குத் தக்க பாராசிட்டமால் சிரப் கொடுத்தால் அவள் அலறல் பாதியாகக் குறையும். அதற்குப் பயப்பட வேண்டாம். வலியைப் பொறுத்துக்கொள்வதால் எந்தப் புண்ணும் சீக்கிரம் ஆறுவதில்லை.

முட்டை, மீன், பால், பருப்பு எல்லாம் கொடுங்கள். புதுத் தோலை உடம்பு புரதத்திலிருந்துதான் நெய்கிறது. கஞ்சியும் ரசச் சோறுமாகப் பத்தியம் வைத்தால் ஆறுவது தள்ளிப்போகும், மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

தழும்பைப் பற்றி: இரண்டு வாரத்தில் ஆறிவிட்டால் தடித்த தழும்பு வர வாய்ப்பு குறைவு. நிறம் மட்டும் சில மாதம் வெளுத்தோ கறுத்தோ இருக்கும். ஆறிய பிறகு தேங்காயெண்ணெய் தடவி, வெயில் படாமல் மூடி வையுங்கள். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத இடம் இருந்தால் சொல்லுங்கள், அங்கே தோல் ஒட்டுவதைப் பற்றிப் பேச வேண்டிவரும். தழும்பு முற்றி அடங்க ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும். தடித்தால் அழுத்த உடை, சிலிக்கான் ஒட்டு என்று வழிகள் இருக்கின்றன. கை அக்குளோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உயரத்தில் பொம்மையைப் பிடித்துக்காட்டி எட்டி எடுக்க வையுங்கள். மூன்றரை வயதுப் பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றி யாராவது இப்போது பேசினால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பற்பசையும் மாவும் நீங்கள் செய்த குற்றமல்ல. ஊரே அதைத்தான் சொல்கிறது. ஆனால் அவை சூட்டை உள்ளேயே அடைத்து, கிருமிக்கும் தீனி ஆகின்றன. தேவைப்பட்டது குழாய்த் தண்ணீர் மட்டும். வெந்த இடத்தில் 20 நிமிடம் ஓடும் நீர். பட்டவுடன் செய்வது உத்தமம், மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. பனிக்கட்டி வேண்டாம். உங்கள் ஊர்க் குளிரில் குழந்தை நடுங்கிவிடும் என்பதால் வெந்த இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைப் போர்த்திவிடுங்கள். வீங்குவதற்கு முன் வளையல், கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கொப்புளத்தை வீட்டில் உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு வந்தால் போதும்.

போலீஸ் கேஸ் என்ற பயம்

ஊரில் 'தீக்காயம்' என்ற சொல்லைக் கேட்டதும் மண்ணெண்ணெயும் வரதட்சிணையும் நினைவுக்கு வருவதால்தான் அத்தை பயப்படுகிறார். வெந்நீர் கொட்டியதும், சைலன்சர் சுட்டதும், கணப்பு சுட்டதும் மருத்துவத்தில் தீக்காயமே. அரசு மருத்துவமனையில் எப்படி நேர்ந்தது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், அவர்களும் வந்து கேட்கலாம். அது உங்கள்மேல் வழக்குப் போடுவது ஆகாது. நடந்ததைப் பதிவு செய்வது. விபத்து என்றால் விபத்து என்றே எழுதப்படும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். 'பயந்து' வேறு கதை சொல்பவர்களுக்குத்தான் சிக்கல் வருகிறது, ஏனென்றால் தவறிக் கொட்டியதால் வந்த புண்ணும் வேண்டுமென்றே சுடுநீரில் அமிழ்த்தியதால் வந்த புண்ணும் பார்வைக்கு வேறு மாதிரி இருக்கும், எங்களுக்குத் தெரிந்துவிடும்.

உரிமையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் சிகிச்சை, காவல்துறைச் சம்பிரதாயம் எல்லாம் பிறகு என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுக்கும் அது பொருந்தும்.

பட்டறை ஆசிட்

கொழுந்தனாரிடம் சோடாவை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். ஆசிட்டின்மேல் சோடாவைப் போட்டுத் தேய்ப்பதில் தோல்தான் உரியும். பட்ட சட்டையைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் குழாயடியில் கையை நீட்டட்டும். நைட்ரிக் ஆசிட் பட்ட தோல் மஞ்சளாகும். அது கறை மட்டுமல்ல, தோலே வெந்திருக்கிறது. கண்ணில் தெறித்தால் இமையைத் திறந்துபிடித்து அங்கேயே அரை மணி நேரம் கழுவிவிட்டு அப்புறம்தான் வண்டி ஏற வேண்டும். வேலை நேரத்தில் பட்ட காயத்துக்கு முதலாளி இழப்பீடு தரச் சட்டம் இருக்கிறது. காயம் பட்ட அன்றே மருத்துவச் சீட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும் வண்டியில் பாப்பாவுக்குக் கட்டு உரசாமல் தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள். சுகாதார நிலையத்துச் சீட்டு, அவளுடைய தடுப்பூசி அட்டை, மாமாவின் சர்க்கரை நோட்டு, அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் பையில் இருக்கட்டும். மாமா தினமும் போடும் செருப்பையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், அவர் பாதத்தில் பாரம் எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.